பழைய டியூப்பும் பால் தோம்பும்

(கெடா தோட்டப்புற வாழ்க்கையைப் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தோட்டத்து வாழ்க்கையை நினைவுபடுத்தும் பொருள் ஒன்றைக் கையில் கொண்டு வந்து பேச வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். எனக்கு முன்னால் பேசிய நண்பர் பால் வெட்டும் கத்தியைக் கொண்டு வந்தார். அம்மையார் ஒருவர் பீங்கான் மங்கைக் கொண்டு வந்து காட்டினார். நான் கொண்டு வந்திருப்பது இதுதான். கறுப்பு நிறம், இரண்டு விரல் அகலம், ஓர் ஆள் உயரத்துக்கும் சற்றுக் கூடுதலான நீளம். பழைய சைக்கிள் டியூப்பை நெடுக்காக வெட்டி எடுத்த பட்டை. அரங்கத்தில் சிலர் சிரிக்கிறீர்கள். சிரிப்பவர்கள் எல்லாரும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களாக இருப்பதையும் நான் கவனிக்கிறேன். உங்களுக்கு இதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும்தான் சொல்ல வந்தேன்.

என் அப்பா பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். விடிவதற்கு முன்பே பெரட்டு. வெளிச்சம் வருவதற்குள் மரம் வெட்டியாக வேண்டும், பதினோரு மணிவாக்கில் பாலெடுக்க வேண்டும், பால் கட்டிப்போவதற்குள் ஸ்டோரில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பக்கத்து நிரையில் வெட்டுகிறவர்கள் காண்டாக் கம்பில் வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் சுமப்பார்கள். தூரத்து நிரைக்காரர்களுக்கு சைக்கிள்தான் கதி. பின்னால் இருக்கும் கேரியரில் ஒரு தோம்பு, சில சமயம் பக்கத்துக்கொன்றாக இரண்டு. நாலைந்து கேலன் பால் என்றால் ஒரு தோம்பே இருபது கிலோ அளவுக்கு வரும். பாதையோ செம்மண் பாதை. வேரும் கல்லும் மழைநீர் அறுத்த பள்ளமும் நிறைந்தது.

அந்தத் தோம்பைக் கயிற்றால் கட்டிப் பாருங்கள். முதல் பள்ளத்தில் சைக்கிள் குதிக்கும்போது கயிறு ஒரு விரல்கடை தளர்ந்துவிடும். இரண்டாவது பள்ளத்தில் தோம்பு சரியும். மூன்றாவதில் அன்றைய கூலி தரையில் கிடக்கும்! கயிற்றுக்கு நீளவும் தெரியாது, சுருங்கவும் தெரியாது. டியூப் பட்டை அப்படியில்லை. இழுத்துக் கட்டிய பட்டை, குதிக்கும்போது தோம்போடு சேர்ந்து நீண்டு, அடுத்த நொடியே திரும்ப இறுக்கிப் பிடிக்கும். பால் கொட்டாமல் ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்ததென்றால் அதற்கு இந்தப் பட்டைதான் காரணம். அது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை.

பஞ்சர் கடையில் தொடங்கிய பயணம்

டியூப் முதலில் டியூப்புக்கே பயன்பட்டது. இதைப் பலர் மறந்துவிடுகிறோம். பஞ்சர் ஒட்டும் துண்டு எங்கிருந்து வந்தது? ஒட்டிக் கட்டாத பழைய டியூப்பிலிருந்துதான். டியூப்பைக் காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, குமிழி வரும் இடத்தைப் பென்சிலால் குறித்து, அரத்தால் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, சொலூசன் தடவி, அது காயும்வரை பொறுத்திருந்து, பழைய டியூப்பில் வட்டமாக வெட்டிய துண்டை வைத்து அழுத்துவார்கள். காயும்வரை பொறுப்பதில்தான் வித்தையே இருக்கிறது. அவசரக்காரன் ஒட்டிய பஞ்சர் அடுத்த சடக்கில் பிரிந்துவிடும்.

சுங்கைப் பட்டாணி, கூலிம், பாடாங் செராய் போன்ற பட்டணங்களில் சைக்கிள் கடை என்றால் சீனர் கடை. அதிலும் ஒரு செய்தி உண்டு. மலாயாவில் சைக்கிள் வியாபாரத்தில் பெரும்பங்கு, சீனாவின் ஃபூஜியான் மாநிலத்துப் புத்தியான் வட்டாரத்திலிருந்து வந்த ஹெங்ஹுவா மக்களின் கையில் இருந்தது. பின்னால் வந்து சேர்ந்த சிறுபான்மைக் கூட்டம் அது. முன்னால் வந்தவர்கள் நல்ல தொழில்களைப் பிடித்துக்கொண்டதால், ரிக்‌ஷாவையும் சைக்கிளையும் நம்பிப் பிழைத்தார்கள். நம் தோட்டத்துக்காரர்களுக்கு ராலே, ஹெர்குலிஸ் சைக்கிளைத் தவணைக்குக் கொடுத்த தவுக்கேயும் ஒரு வகையில் நம்மைப் போலவே கப்பலேறி வந்த ஏழைதான். கடை வாசலில் மாலைபோலத் தொங்கும் பழைய டியூப்புகளை அவர் சும்மாவும் கொடுப்பார், சில காசுக்கும் கொடுப்பார். முகத்தைப் பொறுத்தது!

வீட்டுக்கு வந்த டியூப் என்னென்ன ஆனது? அப்பாவின் தலைவிளக்கை நெற்றியில் பிடித்து நிறுத்தியது டியூப் பட்டைதான். பாராங்கின் கைப்பிடியில் சுற்றியிருந்ததும் அதுதான். மழையில் நனைந்த கை வழுக்காது. லயத்துப் பொதுக்குழாயின் மூட்டில் தண்ணீர் கசிந்தால் நாலு சுற்று. கோழிக்கூண்டின் கதவு தானாகச் சாத்திக்கொள்ள ஒரு துண்டு, இரண்டு ஆணி. குறுக்காக வெட்டினால் வளையம் கிடைக்கும். அம்மா அதில் டிபன் கேரியரை இறுக்குவார், அக்காவின் சடையையும் கட்டுவார். பால் டின்னின் வாயில் டியூப்பை இழுத்துக் கட்டினால் எங்களுக்கு மேளம். திருவிழா முடிந்த மறுநாள் லயத்தில் பெரியவர்கள் தூங்க முடியாது!

பையன்களுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிது உண்டிவில். மலாய் நண்பர்கள் அதை லாஸ்திக் என்பார்கள். கவட்டைக் கம்புக்குக் கொய்யா மரம், கல் வைக்க ஒரு துண்டுத் தோல், இழுப்பதற்கு டியூப். எந்த டியூப் என்பதில் எங்களுக்குள் பெரிய ஆராய்ச்சியே நடக்கும். சிவப்பு டியூப்தான் உத்தமம், கறுப்பு சோம்பேறி என்பது எங்கள் முடிவு. அதற்கு ஒரு காரணம் இருந்தது. பின்னால் சொல்கிறேன்.

நம் மரத்துப் பால்தானே?

இப்போது ஒரு கேள்வி. இந்த டியூப் எந்த மரத்துப் பால்?

1888ஆம் ஆண்டு பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தம் மகனுடைய மூன்று சக்கர சைக்கிள் அதிராமல் ஓடுவதற்காகக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சக்கரத்தில் சுற்றினார். ராபர்ட் தாம்சன் என்பவர் 1845லேயே இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தாலும், உலகத்தைப் பிடித்துக்கொண்டது டன்லப்பின் டயர்தான். அதன்பிறகு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைக்கிள் மோகம் தலைக்கேறியது. காருக்கு முன்னால் ரப்பருக்குப் பசி உண்டாக்கியது சைக்கிள்தான். அந்தப் பசிக்காக பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் கொங்கோவில் காட்டு ரப்பர் சேர்த்துக் கொடுக்கத் தவறிய ஆப்பிரிக்க மக்கள் பட்ட கொடுமை, கை வெட்டப்பட்ட கதை, உலக வரலாற்றில் எழுதப்பட்டிருக்கிறது.

1909ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி கெடா, சயாமின் செல்வாக்கிலிருந்து பிரிட்டிஷாரின் ஆதிக்கத்துக்குள் வந்தது. மறு ஆண்டு லண்டன் சந்தையில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. கெடாவின் தென்பகுதியில் காடு வேகமாக அழிந்து, கித்தா மரம் ஏறியது. அந்த மரங்களுக்குக் கீழே நிறுத்தப்பட்டவர்கள் நம் முன்னோர்கள். பீடோங்கின் ஹார்வர்ட் தோட்டத்தை நடத்தியது யார் தெரியுமா? யுனைடெட் ஸ்டேட்ஸ் ரப்பர் என்ற அமெரிக்க டயர் கம்பெனியின் கிளை நிறுவனம்! மரத்தடியில் பால், கடல் கடந்து போய் டயர், டியூப். அது திரும்பவும் கப்பலேறிப் பட்டணத்துச் சைக்கிள் கடையில் விலைச்சீட்டோடு தொங்கும். 1932இல் அதே ரப்பர் பவுண்டு 2 பென்சுக்கும் கீழே விழுந்தபோது, வேலையிழந்த ஆயிரக்கணக்கானோர் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

மலிவாக விற்ற பாலை, விலைகொடுத்து டியூப்பாக வாங்கியவன் அதை எப்படித் தூக்கி எறிவான்? இன்றைக்கு இதையெல்லாம் 'மறுபயன்பாடு' என்று மேடையில் புகழ்கிறார்கள். 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டல் நகரில் அல்கெமி குட்ஸ் என்ற நிறுவனம் பழைய சைக்கிள் டியூப்பில் தோள்பை தைத்து நல்ல விலைக்கு விற்றது. விற்கட்டும், நல்ல காரியம்தான். ஆனால் நம் பெற்றோரை அந்த வரிசையில் நிறுத்திச் சுற்றுச்சூழல் வீரர்களாக்கிவிடாதீர்கள். அவர்களிடம் இருந்தது தட்டுப்பாடு, அதோடு கைத்திறன். இரண்டையும் உள்ளபடியே சொல்வதுதான் மரியாதை.

சைக்கிளிலிருந்து இறங்கு!

டியூப்பைப் பற்றிப் பேச வந்தவன் சைக்கிளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் சைக்கிள் வைத்திருப்பது வேறு, அதன்மேல் உட்கார்ந்து போவது வேறு. எதிரே துரை வந்தால் இறங்க வேண்டும். கிராணி வந்தாலும் இறங்கி, ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். என் தாத்தா இதைச் சொல்லும்போது கோபப்பட மாட்டார். மழை பெய்தால் நனைய வேண்டும் என்பதுபோலச் சாதாரணமாகச் சொல்வார். அதுதான் எனக்கு வருத்தம்.

ஆனால் எல்லாரும் அப்படி ஏற்றுக்கொண்டுவிடவில்லை. நமக்குத் தெற்கே சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் 1941இல் ஆர்.எச். நாதன் முதலியோர் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான சம்பளம், கள்ளுக்கடைகளை மூடுதல், பிள்ளைகளுக்குப் படிப்பு, முறையான மருத்துவம் என்று கோரிக்கைப் பட்டியல் நீண்டது. அதே பட்டியலில் ஒரு வரி: துரைமார்களையும் தோட்ட அலுவலர்களையும் கண்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும்!

சம்பளத்துக்குப் பக்கத்திலேயே சைக்கிளை வைத்தார்கள், பாருங்கள். அதைப் படித்த அன்றுதான் என் தாத்தாவின் சைக்கிள் எனக்குப் புரிந்தது. அரசாங்கம் அதற்குத் துருப்புகளைக் கொண்டு பதில் சொன்னது. தொழிலாளர் சிலர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார். அது 1941ஆம் ஆண்டு மே மாதம்.

டயரில்லாத சைக்கிள் சத்தம்

அதே ஆண்டு டிசம்பர் மாதம் கெடாவுக்குள் வேறொரு சைக்கிள் வந்தது. டிசம்பர் 8ஆம் தேதி சிங்கோராவிலும் பட்டாணியிலும் கோத்தா பாருவிலும் கரையேறிய ஜப்பானியப் படை, மூன்று நான்கு நாளில் ஜித்ராவில் பிரிட்டிஷ் தற்காப்பை உடைத்தது. பிறகு அலோர்ஸ்டார், குரூண், சுங்கைப் பட்டாணி என்று நம் ஊர் வழியாகவே இறங்கியது. படைத்திட்டம் வகுத்தவர்களில் ஒருவரான சுஜி மசனோபு பின்னாளில் எழுதிய நூலில் கணக்குத் தருகிறார்: ஒரு டிவிஷனுக்கு ஏறக்குறைய 6,000 சைக்கிள். போருக்கு முன்பே மலிவான ஜப்பானியச் சைக்கிள்கள் மலாயாவெங்கும் விற்கப்பட்டிருந்ததால் உதிரிப் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. பழுது பார்க்க ஒவ்வொரு கம்பெனியிலும் ஆட்கள் இருந்தார்கள்.

அப்படியும் வெயிலில் கொதித்த தார்ச்சடக்கில் டியூப்புகள் வெடித்தன. ஒட்ட நேரமில்லாதபோது டயரையும் டியூப்பையும் கழற்றி எறிந்துவிட்டு வெறும் இரும்பு ரிம்மில் ஓட்டினார்கள். நூற்றுக்கணக்கான ரிம்கள் கல் சடக்கில் உருளும் சத்தம், இரவில் டாங்கி வருவதுபோலக் கேட்டு எதிரிகளை மிரளவைத்தது என்கிறார் சுஜி. வெற்றி பெற்றவர் எழுதியது என்பதால் கொஞ்சம் உப்புப் போட்டே படிக்க வேண்டும். ஆனால் 70 நாளில் சிங்கப்பூர் விழுந்தது என்பதில் உப்பும் இல்லை புளியும் இல்லை.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. மலாயாவும் இந்தோனேசியாவும் ஜப்பான் கைக்குப் போனதும், உலகத்து இயற்கை ரப்பரில் ஏறத்தாழ 90 விழுக்காடு நேச நாடுகளுக்குக் கிடைக்காமல் போனது. 1942 ஜூன் மாதம் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் வானொலியில் மக்களிடம் கேட்டார்: பழைய டயர், பழைய டியூப், மழைக்கோட்டு, வெந்நீர்ப் பை, எதுவானாலும் பெட்ரோல் நிலையத்தில் கொண்டுவந்து கொடுங்கள், பவுண்டுக்கு ஒரு செண்ட் தருகிறோம் என்று! சில வாரங்களில் சுமார் நான்கரை லட்சம் டன் சேர்ந்தது. அதில் பெரும்பகுதி தரமற்றதாகி அவ்வளவாக உதவவில்லை என்பது வேறு கதை.

அமெரிக்காவில் டியூப் இருந்தது, ரப்பர் இல்லை. கெடாவில் ரப்பர் மரம் மரமாக நின்றது, டியூப் இல்லை. தோட்டங்களில் பால் வாங்க ஆளில்லை. மரவள்ளிக் கிழங்கு நட்டு உயிர் பிடித்தவர்கள் ஒரு பக்கம், சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாதவர்கள் மறுபக்கம். 1943 அக்டோபரில் ஜப்பானியர் கெடாவைத் தாய்லாந்திடம் ஒப்படைத்தார்கள். மாநிலத்துக்கே சைபுரி என்று பெயர் மாறியது. அந்தக் காலத்தில் சைக்கிளுக்கு டியூப் கிடைக்காமல் கெட்டி ரப்பரைச் சக்கரத்தில் சுற்றி ஓட்டினார்கள். மலாய்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'தாயார் மாத்தி', அதாவது செத்த டயர். காற்றில்லாத டயருக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. அந்தச் சைக்கிளில் பாலிங்கிலிருந்து சுங்கைப் பட்டாணி வரை வந்தவருக்கு முதுகெலும்பு எத்தனை என்று எண்ணத் தெரிந்திருக்கும்!

பத்து வெள்ளித் தவணை

போர் முடிந்த பிறகு பழைய பணிவு பலரிடம் திரும்பவில்லை. ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தது. 1947 தொடக்கத்தில் பீடோங்கில் போலீசாருடன் மோதல் ஏற்பட்டு, பலர் கைதானார்கள். கிள்ளான் பட்டியலில் இருந்த கள்ளுக்கடைக் கோரிக்கை இப்படித்தான் கெடாவில் மறுபிறவி எடுத்தது. இதைப் பற்றி ஆய்வாளர்கள் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு அதைவிட நெஞ்சில் நிற்பது அடுத்து வந்த காலம். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரிக்க, வேலையும் வீடும் ஒருசேரப் போயின. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளிப் பங்கு. மொத்தமாகக் கொடுக்க முடியாதவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் எங்கே இருந்தது? நம் கெடாவில்தான், புக்கிட் சீடிம். நாள் சம்பளம் சில வெள்ளியாக இருந்த காலத்தில் அந்தப் பத்து வெள்ளி எங்கிருந்து வந்தது என்று நான் யோசிப்பதுண்டு. புது டியூப் வாங்காமல் பதினைந்தாவது பஞ்சரை ஒட்டியதில் கொஞ்சம் வந்திருக்கும். புதுச் செருப்பு வாங்காததில் கொஞ்சம் வந்திருக்கும். சிக்கனம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அந்தச் சிக்கனம் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று அந்தத் தோட்டம்.

உண்டிவில் விஷயத்தைப் பின்னால் சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? 1937இல் அமெரிக்காவில் பியூட்டைல் என்ற செயற்கை ரப்பரைக் கண்டுபிடித்தார்கள். பெட்ரோலிய எண்ணெயிலிருந்து பிறக்கும் சரக்கு. காற்றைக் கசியவிடாமல் பிடித்து வைப்பதில் இயற்கை ரப்பர் அதன் கிட்டே நிற்க முடியாது. போருக்குப் பிறகு டியூப் சந்தையின் பெரும்பகுதியை அது பிடித்துக்கொண்டது. ஆனால் இழுத்துவிட்டால் துள்ளித் திரும்பும் வேகத்தில் இயற்கை ரப்பர்தான் ராஜா. நாங்கள் சிவப்பு டியூப்பைத் தேடி அலைந்தது சும்மா இல்லை. அது மரத்துப் பால், கறுப்பு பெரும்பாலும் எண்ணெய்ச் சரக்கு. நிறத்தை வைத்து மட்டும் எப்போதும் சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் பத்து வயதுப் பையன்கள் இழுத்துப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்கள்!

பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சுங்கைப் பட்டாணியைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது. கடாரத்துச் செங்கல்லும் சிலையும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. அங்கேயே 2013இல் பதினொன்றாம் எண் சண்டி இடித்துத் தள்ளப்பட்ட செய்தி வந்தபோது நாடே பதறியது. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கல்லுக்கே இந்த நிலை என்றால், எழுபது ஆண்டுக்கு முந்திய ரப்பர்ப் பட்டைக்கு என்ன சொல்வது? கல்லாவது மண்ணுக்குள் கிடந்து காத்திருக்கும். ரப்பர் காத்திருக்காது. வெயிலும் காற்றும் பட்டால் வெடித்து, பொடிந்து போய்விடும். என் கையில் இருக்கும் இதுகூட அப்பாவுடையது அல்ல. அவருடையதை அலமாரியிலிருந்து எடுத்தபோது கையோடு பிய்ந்து வந்துவிட்டது. இது நேற்றுச் சைக்கிள் கடையில் கேட்டு வாங்கி வெட்டியது.

ஆகவே பொருளைக் காப்பாற்றுவதில் எனக்கு அதிக நம்பிக்கையில்லை. கட்டத் தெரிந்தவர்களைக் கேட்டு எழுதி வைப்பதில் இருக்கிறது. எத்தனை சுற்று, எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது, எவ்வளவு இழுப்பது. அதற்கும் நாள் அதிகமில்லை.

உரை முடிந்ததும் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். மேடையில் ஒரு வாளியை நாற்காலியோடு வைத்துக் கட்டிக் காட்டினேன். கடைசியில் ஒரு முடிச்சும் போட்டேன். முன்வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர், கூலிம் பக்கம் முப்பது வருடம் பால் வெட்டியவராம், எழுந்து மேடைக்கே வந்துவிட்டார். "என்னப்பா நீ, முடிச்சுப் போட்டா ஸ்டோருல எப்படி அவுப்ப? கையெல்லாம் பாலு ஒட்டிக்கிட்டு இருக்கும்ல?" என்று என் முடிச்சை அவிழ்த்தார். பட்டையை இழுத்து மூன்று சுற்றுச் சுற்றி, நுனியைக் கடைசிச் சுற்றுக்கு அடியில் செருகிவிட்டு, வாளியைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். வாளி அசையவில்லை. பிறகு நுனியை ஒரே இழுப்பு. பட்டை மொத்தமும் அவர் கைக்கு வந்துவிட்டது.